என் பங்கு என்ன? தமிழ் நாடக மேடையில் வளரும் பிள்ளையும் ஊர்ப் பொறுப்பும்

சில ஆண்டுகளுக்கு முன் மணலி புதுநகரில் ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்கிக் கொடுத்தேன். காற்றும் தண்ணீரும் கெட்டுப்போவதைப் பற்றிய நாடகம். கறுப்புத் துணி போர்த்திய ஒரு பையன் ‘புகை அசுரன்’. அவனோடு மோதி ஊரைக் காப்பாற்றும் வாலிபன் வேடம் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு. அசுரன் சாய்ந்ததும் கூட்டம் கைதட்டி ஓய வெகுநேரம் ஆயிற்று. விழா முடிந்து முகத்தில் அப்பிய பவுடரைத் துடைத்துக்கொண்டே அந்தப் பையன் கேட்டான்: “சார், எங்கப்பா அந்த மாதிரி கம்பெனியிலதான் சார் வேலை பாக்குறாரு. அப்போ அசுரன் யாரு சார்?”

அன்று அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை. என்னிடம் பதில் இல்லை என்பதுதான் உண்மை. பிள்ளைக்கு வாளைக் கொடுத்தேன். யோசிக்க ஒன்றும் கொடுக்கவில்லை. அந்தக் குறை எனக்கு மட்டும் உரியதா, நம் நாடக மேடைக்கே உரியதா என்று தேடத் தொடங்கினேன். இளம் பாத்திரம் ஒன்று தன் வீடு, தன் சுகம் என்ற வட்டத்தைத் தாண்டி ஊருக்குப் பொறுப்பேற்கும் நிலைக்கு வளர்வதைத் தமிழ் மேடை எப்படியெல்லாம் காட்டியிருக்கிறது? அந்த வளர்ச்சியில் எது நிறைந்திருக்கிறது, எது விடுபட்டிருக்கிறது? இந்தக் கட்டுரை தேடுவது அதைத்தான்.

ஊரும் கேள்வியும்

மணலி புதுநகர், சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் திட்டமிட்டு அமைத்த துணை நகரம். தெற்கே 1969இல் உற்பத்தியைத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் பெட்ரோகெமிக்கல் ஆலைகளும் இருக்கின்றன. வடக்கே கொசஸ்தலையாறு ஓடுகிறது. கிழக்கே பக்கிங்காம் கால்வாயும் எண்ணூர் முகத்துவாரமும். அதையொட்டி அனல்மின் நிலையமும் 2001இல் திறக்கப்பட்ட துறைமுகமும்.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அப்பால் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. எர்ணாவூர் கரையில் மீனவர்களோடு மாணவர்களும் இளைஞர்களும் நின்று வாளியால் எண்ணெயை அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் மணலி புதுநகர் வெள்ளத்தில் மூழ்கியது; தொழிற்சாலைப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு போன எண்ணெய் முகத்துவாரத்தில் படிந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு கடலடிக் குழாய் ஒன்றிலிருந்து கசிந்த அமோனியாவால் பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து தெருவுக்கு ஓடினார்கள்.

இந்தப் பகுதியில் ஒரே கூரையின் கீழ் ஆலைச் சம்பளத்தில் சோறு தின்கிறவரும் ஆலைப் புகையில் இருமுகிறவரும் இருக்கிறார்கள். அண்ணன் காண்ட்ராக்டில் ஷிப்டுக்குப் போகிறான். மாமன் முகத்துவாரத்தில் இறாலுக்குப் போகிறார். எதிரி வேறு, நாம் வேறு என்று கோடு கிழிப்பது இங்கே கடினம். ஆகவேதான் அந்தப் பையனின் கேள்வி சிறுபிள்ளைத்தனமானதாக எனக்குப் படவில்லை.

பலியாகும் பிள்ளை

தமிழ் மேடை நமக்குத் தந்த முதல் இளைஞன் அபிமன்யு. எங்கள் ஊரைச் சுற்றியுள்ள திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களிலும் காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் வட்டாரங்களிலும் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்கினி வசந்த விழா நடக்கும். பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து. அந்த வரிசையில் அபிமன்யு சண்டை வரும் இரவில் கூட்டம் கலையாது. பெரியவர்கள் எல்லாரும் செய்வதறியாமல் நிற்கும்போது, சக்கர வியூகத்தை உடைக்கத் தெரிந்தவன் என்று ஒரு பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள். உள்ளே போகும் வழி அவனுக்குத் தெரியும். வெளியே வரும் வழியை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அரவான் களபலியும் இதே தன்மையுடையது. போரில் பாண்டவர் வெல்ல ஒரு பலி வேண்டும். அதற்கு முன்வருகிறவன் இளைஞன். இந்த இரண்டு பாத்திரங்களையும் பார்த்து விடியும்வரை அழுத ஊர்கள் உண்டு. அந்த அழுகைக்குள் பெரியவர்களின் குற்ற உணர்ச்சியும் கலந்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன். நாம் முடிக்கத் தவறிய காரியத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றினோம் என்பதைக் கூத்து மறைக்கவே இல்லை. ஆனால் வளர்ச்சி என்று பார்த்தால் அபிமன்யுவுக்கு அதற்கு நேரமே கொடுக்கப்படவில்லை. அவன் பொறுப்பை ஏற்கிறான்; பொறுப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்கும் வயதை எட்டும் முன்பே வீழ்ந்துவிடுகிறான்.

இந்தக் கதைகளை மேடை நாடகமாக்கியவர்களில் தலையாயவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). வயது வந்த நடிகர்களின் கட்டுப்பாடின்மையால் மனம் நொந்து அவர் சிறுவர்களைக் கொண்ட சபைகளின் பக்கம் திரும்பினார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். சிறுவன் டி.கே. சண்முகத்துக்காக அவர் அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் எழுதிமுடித்த செய்தி நாடக உலகில் புகழ்பெற்றது. வீட்டை விட்டுக் கம்பெனியில் சேர்ந்து, ஊர் ஊராகப் போய், பாடமும் பாட்டும் மனப்பாடம் செய்த அந்தப் பிள்ளைகளே ஒருவகை அபிமன்யுக்கள்தான். குடும்பத்தின் பசிக்குப் பொறுப்பேற்றுச் சிறுவயதிலேயே உள்ளே போனவர்கள். அவர்களில் சிலர் வெளியே வரும் வழியைத் தாமே கண்டுபிடித்துப் பெரிய கலைஞர்கள் ஆனார்கள். பெரும்பாலோரின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

கெட்டுத் திருந்தும் பிள்ளை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சைதாப்பேட்டை காசி விசுவநாத முதலியார் எழுதிய டம்பாச்சாரி விலாசம் வேறொரு இளைஞனைக் கொண்டுவந்தது. புராணத்தை விட்டுச் சமூக வாழ்க்கையைக் கருவாகக் கொண்ட தொடக்க கால நாடகங்களில் முதன்மையானது அது. சென்னைப் பட்டணத்துப் பணக்கார வாலிபன் ஒருவன் தாசி வீட்டிலும் வீண் டம்பத்திலும் சொத்தை அழிக்கும் கதை. ‘டம்பாச்சாரி’ என்ற சொல் இன்றும் நம் வாயில் புழங்குகிறதென்றால் அந்த நாடகம் எவ்வளவு ஆழப் பதிந்தது என்று புரியும்.

இந்த வரிசையின் உச்சம் ரத்தக் கண்ணீர். திருவாரூர் கே. தங்கராசு எழுத, எம்.ஆர். ராதா 1949இல் மேடையேற்றினார். வெளிநாட்டில் படித்துத் திரும்பிய மோகனசுந்தரம் தாயை மதிப்பதில்லை, மனைவியை மதிப்பதில்லை, ஊரை மதிப்பதில்லை. எல்லாம் இழந்து, நோயுற்று, பிச்சையெடுக்கும் நிலைக்கு வந்தபிறகு கண் திறக்கிறான். தன் மனைவிக்குத் தன் நண்பனையே மணம் முடித்துவைக்கும் அளவுக்கு மனம் மாறுகிறான்.

தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்ளும் இளைஞன் என்ற வகையில் மோகனசுந்தரம் தமிழ் மேடையில் அரிதானவன். அதற்காக அவனை நான் மதிக்கிறேன். ஆனால் இரண்டு குறைகளைச் சொல்லியாக வேண்டும். முதலாவது, தொழுநோயை ஒழுக்கக் கேட்டுக்குக் கிடைத்த தண்டனையாகக் காட்டியது. மருந்தால் குணமாகும் நோய் அது. அந்தப் படிமம் நோயாளிகளுக்குச் செய்த தீங்கு பெரிது. இரண்டாவது, அவன் திருந்தும்போது எதையும் செய்ய அவனிடம் உடலும் இல்லை, காலமும் இல்லை. அறிவு வருகிறது, காரியம் வருவதில்லை. அபிமன்யுவுக்குக் கேட்க நேரமில்லை, மோகனுக்குச் செய்ய நேரமில்லை.

தாய் சொல்லும் தகப்பன் பழியும்

பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அவர் எழுதி 1895இல் மேடையேறிய மனோகரா, படித்தவர் சபையிலும் பாய்ஸ் கம்பெனிகளிலும் ஒன்றுபோலப் புகழ்பெற்றது. அரசன் ஒரு பெண்ணின் வலையில் விழுந்து நாட்டையும் மனைவியையும் மறக்கிறான். மகன் மனோகரனுக்குக் கொதிக்கிறது. தாய்க்குக் கொடுத்த வாக்கு அவன் கையைக் கட்டுகிறது. சங்கிலியை அறுக்கும் காட்சிக்காகவே சனங்கள் காத்துக்கிடந்தார்கள்.

மனோகரனின் வளர்ச்சி பொறுத்திருக்கக் கற்பதில் இருக்கிறது. வலிமை உள்ளவன் அதைத் தன் இஷ்டத்துக்குப் பயன்படுத்தாமல் இன்னொருவரின் சொல்லுக்குக் கட்டுப்படுத்துகிறான். இது சாதாரணப் பாடமில்லை. ஆனாலும் அவன் பதில் சொல்வது தாய்க்கு. நாட்டு மக்கள் அந்த நாடகத்தில் பின்னணியாகவே நிற்கிறார்கள். குடும்பம் சரியானால் நாடும் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அதில் ஓடுகிறது.

அந்த நம்பிக்கையை அசைத்தவர் அண்ணாதுரை. அவர் கே.ஆர். ராமசாமியின் கிருஷ்ணன் நாடக சபாவுக்காக 1940களின் நடுவில் எழுதிய வேலைக்காரி, 1949இல் திரைப்படமாகவும் வந்தது. சம்பாதித்த பணத்தோடு ஊர் திரும்பும் ஆனந்தன், ஜமீன்தார் வேதாசல முதலியாரின் கடன் கொடுமையால் தந்தை தூக்கில் தொங்குவதைப் பார்க்கிறான். கத்தியோடு ஓடுபவனை நண்பன் மணி தடுத்து, ஆயுதத்தைவிட அறிவை நம்பச் சொல்கிறான். ஆனந்தன் வேறொரு பணக்கார வாலிபனின் பெயரில் அந்த வீட்டுக்குள்ளேயே நுழைகிறான். அவனுக்கு இணையாக இன்னொரு இளைஞன்: முதலியாரின் மகன் மூர்த்தி. வீட்டு வேலைக்காரி அமுதாவை நேசித்து, அதற்காக அப்பாவின் வீட்டையும் பணத்தையும் விட்டுப் போகிறான்.

தமிழ் மேடையில் தனிமனிதப் பழி, பொதுக் கேள்வியாக மாறிய தருணம் இது. தன் தகப்பன் ஏன் செத்தான் என்று தொடங்கி, இப்படிச் சாகவிடும் ஏற்பாட்டை யார் தாங்கிப் பிடிக்கிறார்கள் என்று ஆனந்தன் கேட்கிறான். கடவுளையும் அவன் விடவில்லை. ஆனால் அந்த நாடகத்திலும் ஓர் இருட்டு மூலை உண்டு. ஆனந்தன் பழி தீர்ப்பதற்காக வேதாசலத்தின் மகள் சரசாவை மணக்கிறான். அவள் என்ன குற்றம் செய்தாள்? அவளைக் கருவியாக்கியது தவறு என்ற உறுத்தல் அவனிடம் போதுமான அளவுக்கு வருவதில்லை. என் பார்வையில் இந்த நாடகத்தில் நிஜமாக வளர்ந்தவன் மூர்த்தி. அவன் சொந்த வீட்டின் அநியாயத்தைப் பார்த்து, அதில் கிடைத்த சுகத்தைத் தள்ளினான். ரசிகர் கூட்டம் ஆனந்தனை நினைவில் வைத்தது. மூர்த்தி இன்னும் தன் உரிய இடத்துக்குக் காத்திருக்கிறான்.

அடுத்தவர் துயரை ஏற்றவர்கள்

ஆண் பாத்திரங்கள் தகப்பனுக்கும் தாய்க்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது, முன்பின் தெரியாதவர்களுக்குப் பதில் சொல்ல வந்தவர்கள் பெரும்பாலும் பெண் பாத்திரங்கள். இந்தத் தேடலில் நான் கண்டவற்றில் மிகவும் கவனிக்கத் தக்கது இதுவே.

அதற்கு வேர் மணிமேகலைக் காப்பியத்தில் இருக்கிறது. மாதவியின் மகள் தன் குலத்தொழிலையும் இளவரசனின் ஆசையையும் விலக்கி, அமுதசுரபியை ஏந்திப் புகாரின் தெருவில் பசித்தவர்க்குச் சோறிடுகிறாள். சிறைச்சாலையை அறச்சாலையாக்கும்படி அரசனிடம் கேட்டுப் பெறுகிறாள். கதை நடக்கும் புகாரும் ஒரு துறைமுக நகரம். கப்பல் வந்து பொருள் குவியும் ஊரிலேயே பசியும் குவிந்திருந்தது. எண்ணூரில் வாழும் நமக்கு இது சொல்லாமலே புரியும். இன்குலாப் இந்தக் கதையை நம் காலத்து நாடகமாக எழுதினார், அ. மங்கை அதை மேடையேற்றினார். இன்குலாப்பின் ஔவை, குறிஞ்சிப்பாட்டு நாடகங்களும் மங்கையின் இயக்கத்திலேயே மேடை கண்டன. பழைய பெண்களை மேடைக்கு அழைத்து, அவர்கள் ஊருக்கு என்ன செய்தார்கள் என்று கேட்ட முயற்சிகள் அவை.

மதுரையில் மு. ராமசாமியின் நிஜ நாடக இயக்கம் சோபாக்ளிசின் ஆண்டிகனியைத் துர்க்கிர அவலம் என்று தமிழாக்கி நிகழ்த்தியது. அரசன் அடக்கம் செய்யக் கூடாதென்ற உடலை அடக்கம் செய்யும் இளம்பெண் அவள். ஆணைக்கும் மனசாட்சிக்கும் இடையில் நிற்கிறவள். ஈழத்தில் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் மண் சுமந்த மேனியர் 1985இல் க. சிதம்பரநாதன் இயக்கத்தில் யாழ்ப்பாணத்தின் ஊர்தோறும் போனது. போர்க்காலத்து இளைஞர்களின் தவிப்பை அவர்களே மேடையில் நின்று சொன்ன நாடகம் அது.

கோமல் சுவாமிநாதனைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1980இல் மேடையேறிய தண்ணீர் தண்ணீர் நாடகத்தில், போலீசுக்குத் தப்பி வந்த வெள்ளைச்சாமி, குடிதண்ணீர் இல்லாத அத்திப்பட்டியில் ஒளிகிறான். ஒளிந்திருக்க வந்தவன் மாட்டுவண்டியில் பீப்பாய் கட்டித் தொலைவிலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவருகிறவனாகிறான். பிறகு ஊரே சேர்ந்து கால்வாய் வெட்ட இறங்குகிறது. கோமலின் அத்திப்பட்டி கரிசல் பூமியில் உள்ள கற்பனைக் கிராமம். நம் பக்கத்து அத்திப்பட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இருந்தாலும் எண்ணூரைத் தாண்டி ரயில் அத்திப்பட்டு புதுநகரில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பீப்பாய் வண்டி நினைவுக்கு வருகிறது.

அவருடைய ஒரு இந்தியக் கனவு நாடகம் இந்தக் கட்டுரையின் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. 1983இல் கோமலே அதைத் திரைப்படமாக இயக்கினார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. ஆராய்ச்சி மாணவி அனாமிகா மலைவாழ் மக்களைப் பற்றித் தகவல் சேகரிக்கப் போகிறாள். அங்கே அவர்கள் சுரண்டப்படுவதை நேரில் பார்த்தபிறகு அவளால் வெறும் குறிப்பேட்டோடு நிற்க முடியவில்லை. படிப்புக்காகப் போனவள், படித்ததற்குப் பதில் சொல்லும் கடமையை உணர்கிறாள். பட்டம் வாங்குவதற்கும் பொறுப்பு ஏற்பதற்கும் இடையில் உள்ள தூரத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டிய தமிழ் நாடகம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

மேடையை விட்டுத் தெருவுக்கு

பாத்திரம் வளர்வது ஒன்று. அந்த வேடம் கட்டுகிற பிள்ளை வளர்வது இன்னொன்று. விசுவநாததாஸ் ராஜபார்ட் நடிகராக இருந்துகொண்டே மேடையில் தேசியப் பாடல்களைப் பாடி மீண்டும் மீண்டும் சிறை சென்றவர். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் வள்ளி திருமணம் நாடகத்தில் முருகனாக மேடையில் இருந்தபோதே உயிர் பிரிந்தது. வேடத்துக்கும் வாழ்க்கைக்கும் இடையில் அவர் திரை போடவில்லை.

1980இல் வங்க நாடகாசிரியர் பாதல் சர்க்கார் சென்னைச் சோழமண்டலத்தில் நடத்திய பட்டறை, தமிழ் இளைஞர்களுக்குத் திரையும் விளக்கும் இல்லாத நாடகத்தை அறிமுகப்படுத்தியது. 1984இல் தொடங்கிய பிரளயனின் சென்னைக் கலைக்குழு அதைத் தொழிற்சாலை வாசலுக்கும் குடியிருப்புத் தெருவுக்கும் கொண்டுபோனது. 1990களின் அறிவொளி இயக்கத்தில் கிராமத்து இளைஞர்களும் இளம்பெண்களும் கலைப் பயணங்களில் நடித்தார்கள். எழுத்தறிவு பற்றிய நாடகத்தில் நடித்த கையோடு, மறுநாள் மாலை லாந்தர் வெளிச்சத்தில் எழுதச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தவர்கள் அவர்கள். நாடகம் முடிந்ததும் பொறுப்பு முடிந்துவிடாத ஏற்பாடு அது.

டெல்லியை அடுத்த சாகிபாபாத் தொழிற்பேட்டையில் 1989 ஜனவரி 1 அன்று தொழிலாளர் முன்னால் தெரு நாடகம் நடத்திக்கொண்டிருந்த சப்தர் ஹஷ்மி தாக்கப்பட்டு மறுநாள் இறந்தார். வயது 34. ஜனவரி 4 அன்று அவருடைய மனைவி மலயஸ்ரீயும் குழுவினரும் அதே இடத்துக்குத் திரும்பிப் போய், பாதியில் நின்ற நாடகத்தை நடத்தி முடித்தார்கள். அபிமன்யு விழுந்த களத்துக்கு மறுபடியும் போய், வியூகத்தை விட்டு வெளியே வந்து காட்டியவர்கள் என்று இவர்களைச் சொல்வேன்.

ஷீலாவும் பெட்ராவும்

இனி, அந்தப் பையனின் கேள்வியை நேராகத் தொடும் இரண்டு வெளிநாட்டு நாடகங்களைப் பார்க்கலாம். ஆங்கில நாடகாசிரியர் ஜே.பி. பிரீஸ்ட்லியின் ‘ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்’ 1945இல் சோவியத் நாட்டில் முதலில் மேடையேறி, மறுவருடம் லண்டனுக்கு வந்தது. கதை நடப்பது 1912இல், ஒரு தொழில் நகரத்து ஆலை முதலாளியின் வீட்டில். மகள் ஷீலாவின் நிச்சயதார்த்த விருந்தன்று ஒரு இன்ஸ்பெக்டர் வந்து, இளம்பெண் ஒருத்தி விஷம் குடித்துச் செத்துவிட்டாள் என்கிறார். விசாரிக்க விசாரிக்க, அந்த வீட்டில் ஒவ்வொருவரும் அவளை ஒவ்வொரு படியாகக் கீழே தள்ளியது வெளிவருகிறது. அப்பா, வாரக் கூலி 25 ஷில்லிங் கேட்டு வேலைநிறுத்தம் செய்ததற்காக அவளை ஆலையிலிருந்து நீக்கியவர். ஷீலாவோ, ஒரு துணிக்கடையில் தனக்கு ஏற்பட்ட பொறாமையில், அங்கே வேலை பார்த்த அவளைப் பற்றிப் புகார் சொல்லி வேலையைப் பறித்தவள்.

பெரியவர்கள் தப்பிக்க வழி தேடுகிறார்கள். வந்தவர் நிஜ இன்ஸ்பெக்டர்தானா என்ற சந்தேகம் வந்தவுடன் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள். ஷீலா மட்டும், அவளோடு தம்பி எரிக்கும், நாம் செய்தது செய்ததுதானே என்று நிற்கிறார்கள். நாடகத் தொடக்கத்தில் மோதிரத்தைப் பார்த்து மகிழ்ந்த பெண், முடிவில் தன் பெற்றோரையே எதிர்த்துப் பேசுகிறாள். அவள் யாரையும் கொல்லவில்லை, யாருக்காகவும் சாகவில்லை. தன் பங்கு என்ன என்று கேட்டு, அதை வாய்விட்டு ஒப்புக்கொண்டாள். அதுவே அவள் வளர்ச்சி.

இப்சனின் ‘மக்களின் எதிரி’ (1882) நம் ஊர்க்காரர்கள் அவசியம் பார்க்க வேண்டிய இன்னொரு நாடகம். ஊருக்கு வருமானம் தரும் குளியல் விடுதியின் நீர், தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவால் கெட்டிருப்பதை டாக்டர் ஸ்டாக்மன் கண்டுபிடிக்கிறார். வருமானம் போய்விடும் என்று பயந்த ஊரே அவரை எதிரியாக்குகிறது. ஆசிரியையான மகள் பெட்ரா அவரோடு நிற்கிறாள். அதற்காகத் தன் வேலையை இழக்கிறாள். கடைசியில் ஸ்டாக்மன், ஊர் தன்னை எதிரி என்று அறிவித்த அதே கூடத்தில் தெருப் பிள்ளைகளைச் சேர்த்துப் பள்ளிக்கூடம் தொடங்கப்போவதாகச் சொல்கிறார். சத்யஜித் ராய் 1989இல் இந்தக் கதையைக் கோயில் தீர்த்தத்தோடு பொருத்தி கணசத்ரு என்ற படமாக எடுத்தார். சோறும் நோயும் ஒரே குழாயிலிருந்து வந்தால் என்ன செய்வது என்ற கேள்வியை அந்த நாடகம் நூற்றைம்பது வருடத்துக்குச் சற்றுக் குறைவான காலத்துக்கு முன்பே கேட்டுவிட்டது.

தொகுத்துப் பார்த்தால்

நம் மேடையின் இளம் பாத்திரங்களை வரிசையாக நிறுத்திப் பார்க்கிறேன். அபிமன்யுவும் அரவானும் உயிரைக் கொடுத்தார்கள். டம்பாச்சாரியும் மோகனசுந்தரமும் கெட்டழிந்து எச்சரிக்கை ஆனார்கள். மனோகரன் தாய்க்காகப் பொறுத்தான். ஆனந்தன் தந்தைக்காகப் பழி முடித்தான். மணிமேகலையும் அனாமிகாவும் வெள்ளைச்சாமியும் யாரென்றே தெரியாதவர்களின் பசியையும் தாகத்தையும் தம்முடையதாக்கினார்கள். பொறுப்பு என்ற வட்டம் குலத்திலிருந்து வீட்டுக்கும், வீட்டிலிருந்து வர்க்கத்துக்கும், அங்கிருந்து அந்நியருக்கும் விரிந்துகொண்டே வந்திருக்கிறது. இது பெருமைப்பட வேண்டிய வளர்ச்சி.

விடுபட்டது ஒன்று. நம் நாடகங்களில் நல்ல இளைஞன் பெரும்பாலும் குற்றமற்றவனாகவே இருக்கிறான். தீமை ஜமீன்தாரிடமோ, அரசனின் ஆசைநாயகியிடமோ, அதிகாரியிடமோ வெளியே நிற்கிறது. குற்றத்தை ஒப்புக்கொள்ளும் மோகனுக்குக் காரியம் செய்ய வாய்ப்பில்லை. காரியம் செய்யும் ஆனந்தனுக்கு ஒப்புக்கொள்ளும் மனம் இல்லை. இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்து வரும் நாடகம் நம்மிடம் குறைவு. நான் எழுதிய புகை அசுரன் நாடகமும் அதே குறையோடுதான் பிறந்தது.

இதைச் சொல்லும்போது ஒரு மறுப்பு எழலாம். ஆலை நிர்வாகமும் அரசும் செய்ய வேண்டியதை எளிய வீட்டுப் பிள்ளையின் மனசாட்சியில் ஏற்றுவது நியாயமா? நியாயமில்லை. கூலிக்காரனின் மகனும் ஆலை முதலாளியின் மகள் ஷீலாவும் ஒரே அளவு பொறுப்பாளிகள் அல்லர். அபிமன்யுவுக்குச் செய்த அநியாயத்தை மறுபடி செய்யக் கூடாது. ஆனால் பங்கைக் கேட்பது என்றால் பழியைச் சுமப்பது என்று பொருளில்லை. எனக்கு என்ன தெரியும், யாரிடம் நான் இதுவரை கேட்காமல் இருந்தேன், எதைப் பார்த்தும் பேசாமல் இருந்தேன், நாளை என்னால் எது முடியும் என்று அளந்து பார்ப்பதுதான் பங்கு. அந்த அளவு தெரிந்தவன்தான், பெரிய பங்கு உள்ளவர்களை நேருக்கு நேர் நின்று கேட்க முடியும்.

எழுதப்பட வேண்டிய நாடகம்

அந்த நாடகத்துக்கான கதை எங்கள் தெருவில் கிடக்கிறது. அப்பா ஆலையில் காண்ட்ராக்ட் தொழிலாளி. பாட்டிக்கு மூச்சிரைப்பு. மாமன் முகத்துவாரத்தில் வலை வீசுகிறார். எண்ணெய் படிந்த பிறகு வலையும் போயிற்று, இறாலும் போயிற்று. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்திக்கு அந்த ஆலையிலேயே அப்ரண்டிஸ் இடம் கிடைக்கும் என்று வீடே காத்திருக்கிறது. ஓர் இரவு காற்றில் நெடி அதிகமாகிறது. ஷிப்டில் என்ன நடந்தது என்று அப்பாவுக்குத் தெரியும். சொன்னால் வேலை போகும். பெண் என்ன செய்வாள்? அப்பாவை அசுரனாக்காமல், மாமனைக் கைவிடாமல், தன் ஆசையையும் மறைக்காமல் அவள் எடுக்கும் முடிவில்தான் நாடகம் இருக்கிறது. அங்கே வாள் தேவையில்லை. கேள்வி கேட்டு மனு எழுதவும், வார்டுக் கூட்டத்தில் எழுந்து நிற்கவும், வெள்ளம் வரும் முன் பக்கத்து வீட்டு முதியவர்களின் பட்டியல் எடுக்கவும் தெரிந்த ஒரு பெண் போதும்.

எங்கள் ஊர் அய்யா வைகுண்ட தர்மபதியில் ஏடு வாசிக்கும் நாட்களில் எங்கள் பிள்ளைகள் பந்தலோரம் உட்கார்ந்து கேட்கிறார்கள். தாழ்ந்து கிடப்பவரைத் தாங்குவதே தர்மம் என்ற போதனை அவர்கள் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. அதை உடம்பில் ஏற்றி, குரலில் ஏற்றி, ஒருமுறையாவது ஊர் முன்னால் நின்று பேசிப் பார்க்க நாடகத்தைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

ஆகவே வடசென்னையின் ஆசிரியர்களிடமும் நாடகக் குழுக்களிடமும் ஒன்று கேட்கிறேன். வரும் ஆண்டு விழாவில் பிள்ளைகளுக்கு அசுரனையும் வீரனையும் கொடுக்காதீர்கள். ஒரு வீட்டைக் கொடுங்கள். அந்த வீட்டுக்குள் நின்று “இதில் என் பங்கு என்ன?” என்று கேட்கும் ஒரு பாத்திரத்தைக் கொடுங்கள். வசனத்தை அவர்களே எழுதட்டும். அன்று என்னிடம் கேட்ட அந்தப் பையன் இப்போது வளர்ந்து வேலைக்குப் போகும் வயதில் இருக்கிறான். அவனுக்கு நான் தர வேண்டிய பதில் அந்த நாடகம்தான். அதை எழுதத் தொடங்கியிருக்கிறேன்.